மயிலாப்பூருக்கு வந்த அடக்கப் பாட்டு

விமானம் மீனம்பாக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் தாண்டேகா அம்மா வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லியே ஆக வேண்டிய ஒரு விஷயத்தை டர்பனிலிருந்து சொல்லாமலே சுமந்துகொண்டு வந்திருந்தேன். நடுவழியில் விமானம் மாறியபோது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அங்கே அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வீங்கிய காலை நீவிக்கொண்டிருந்தார். பாவம், அப்புறம் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

நான் திருநெல்வேலிக்காரி. பதினாலு வருஷமாகத் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தில் கணக்கு டீச்சர். வாரத்தில் இரண்டு நாள் ஒரு பாடற்குழுவில் பாடுகிறேன். குழுவில் நான் ஒருத்திதான் தமிழச்சி, மற்றவர்கள் எல்லோரும் கறுப்பினப் பெண்கள். நிறவெறி ஆட்சி நடந்த காலத்தில் தெருவிலும் சிறையிலும் சாவு ஊர்வலத்திலும் பாடிய பாட்டுகளைத்தான் நாங்கள் பாடுவோம். ஒருவர் எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். தனியாளாகப் பாடினால் அந்தப் பாட்டுகள் நொண்டும்.

தாண்டேகா அம்மாவுக்கு அறுபத்து மூன்று வயது. ஓய்வுபெற்ற நர்ஸ். எல்லோரும் அவரை 'மா' என்று கூப்பிடுவோம். எங்கள் எல்லோரையும் விடக் கனமான குரல், ஆனால் எப்போதும் பின்வரிசையில்தான் நிற்பார். காரணத்தைக் குழுவில் ஒருத்தி எனக்குக் காதோடு சொன்னாள். இளவயதில் ஒரு சாவு ஊர்வலத்தில் மா அடக்கப் பாட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டு முன்னால் போயிருக்கிறார். போலீஸ் சுட்டது. பின்பாட்டுக் கூட்டத்தில் நின்ற அவருடைய தங்கை லிண்டிவே செத்துப்போனாள். அன்றிலிருந்து மா எந்தப் பாட்டையும் எடுத்துக் கொடுத்ததில்லை.

இப்போது என் விஷயம். ஈக்காட்டுத்தாங்கலில் சின்ன அச்சகம் நடத்துகிற அமுதா என்ற பெண் எங்கள் பாட்டை போனில் பார்த்துவிட்டு எழுதினாள். அவளும் நண்பர்களும் மயிலாப்பூரில் ஒரு மாலை நிகழ்ச்சி நடத்தப் போகிறார்கள், வர முடியுமா என்று கேட்டாள். "அக்கா, அந்த அடக்கப் பாட்டு மட்டும் கண்டிப்பா இருக்கணும்" என்றாள். "கண்டிப்பா" என்றேன். துப்பாக்கிக்கு எதிரே மா அதைப் பாடியதையும் லிண்டிவே செத்ததையும் மாவைக் கேட்காமலே அவளுக்கு எழுதினேன். அப்போது எங்கள் குழுவில் எடுத்துக் கொடுக்கிற பெண் வருவதாக இருந்தது. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் அவள் மாடிப்படியில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டாள். மிஞ்சியது மாவும் நானும். அமுதாவிடம் பாட்டு இல்லை என்று நான் சொல்லவில்லை. மாவிடம் பாட்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை.

முதல் நாளே தியாகராய நகரில் அடி விழுந்தது. என் பெயரில் பதிவு செய்திருந்த விடுதிக்குப் போனோம். கவுண்டரில் இருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், எனக்குப் பின்னால் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்த மாவைப் பார்த்தார், சிரிப்பு நின்றது. "ஏசி ரிப்பேர்மா. எல்லா ரூமும்."

"ஏசி இல்லாவிட்டால் பரவாயில்லை."

"தண்ணியும் வரல."

நாங்கள் வாசலில் நின்று அமுதாவுக்கு போன் போடும்போதே பின்னால் வந்த ஒரு குடும்பத்துக்குச் சாவி கொடுத்தார். மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்கிறார்?"

"ஏசி பழுதாம், மா."

மா பெட்டியின் மேல் உட்கார்ந்து விசிறிக்கொண்டார். டர்பனிலும் இதே புழுக்கம்தான், அதே உப்புக் காற்றுதான். அந்த ஊரில் எனக்கு யாராவது இப்படிச் செய்திருந்தால் மா சும்மா விட்டிருப்பாரா என்று நினைத்தேன். நான் அந்த மனிதரிடம் ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. கூசிப்போய் நின்றேன்.

அமுதா அரை மணியில் ஸ்கூட்டரில் வந்துவிட்டாள். முப்பத்தைந்து வயது இருக்கும், நகக்கண்ணில் அச்சு மை. விஷயத்தைக் கேட்டதும் உள்ளே போய்ச் சத்தம் போட்டாள். வெளியே வந்து, "வாங்கக்கா, நல்ல வீடா பாத்துத் தரேன்" என்றாள். சாந்தோம் பக்கம் மீனவர் குடியிருப்பில் ஸ்டெல்லா அக்கா வீட்டு மாடி அறை கிடைத்தது. ஸ்டெல்லா அக்கா கடற்கரை ஓரத்தில் மீன் விற்கிறவர். எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா, மீன் துண்ணுமா இது?"

"சாப்பிடுவாங்க அக்கா."

"அப்ப இன்னா பிரச்சினை? மேல போ. ஃபேன் கொஞ்சம் சத்தம் போடும், கண்டுக்காத."

மறுநாள் காலை மாடவீதியில் பொங்கலும் வடையும். மா பொங்கலை ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். "எங்கள் மக்காச்சோளக் களிக்கு யாரோ கல்யாணம் பண்ணி வைத்திருக்கிறார்கள்" என்றார். இரண்டாவது பொங்கலும் வந்தது. பக்கத்து மேசைக்காரர் போனைத் தூக்கி மாவைப் படம் எடுத்தார், கேட்காமலே. மா அவரைப் பார்த்துக் கையசைத்தார். அவர் வெட்கப்பட்டு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். எதிர்ச் சுவரில் நிகழ்ச்சி நோட்டீஸ். அமுதா தன் அச்சகத்திலேயே அடித்தது, நல்ல பெரிய எழுத்து. 'துப்பாக்கிக்கு எதிரே பாடிய அடக்கப் பாட்டு. பாடியவரே எடுத்துக் கொடுக்கிறார்.' கீழே மாவின் படம்.

"என் முகம்!" என்று மா சிரித்தார். "என்ன எழுதியிருக்கிறது?"

"உங்கள் பெயர். நேரம். இடம்."

ஏசி பழுது என்றது முதல் பொய், இது இரண்டாவது. மூன்றாவது பொய் அன்று மதியமே வந்தது. ஒலிபெருக்கி பார்க்க அடையாறு போய்விட்டு பஸ்ஸில் திரும்பினோம். பின் இருக்கையில் இரண்டு பெண்கள். "எவ்ளோ கறுப்பு பாரேன். பல்லு மட்டும்தான் தெரியுது." "மெதுவா பேசுடி." "அதுக்கு இன்னா தமிழா தெரியும்?" அப்படிப் பேசியவளும் என்னைப் போலக் கறுப்புதான். மா திரும்பி என்னைப் பார்த்தார்.

"உங்கள் தலைப்பின்னல் அழகாக இருக்கிறதாம்."

"அப்படியா" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். 

அரங்கம் மாடவீதிக்கு ஒரு தெரு உள்ளே, மாடியில். எண்பது நாற்காலி. அதைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "போராட்டப் பாட்டுன்னு போட்டிருக்கேள். கோஷம் ஒண்ணும் போட மாட்டேளே? நாளைக்கு யாராவது வந்து கேட்டா நான்னா பதில் சொல்லணும்" என்றார். அவருக்கும் பயம். "பாட்டுத்தான் சார், வெறும் பாட்டு" என்றாள் அமுதா. வெறும் பாட்டு என்பதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை. படியிறங்கும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அடக்கப் பாட்டு இருக்குல்ல?" என்று மறுபடி கேட்டாள். இருக்கு என்று தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் காலை சொல்லிவிடுவது என்று முடிவு செய்து மாவைத் தியாகராய நகருக்குக் கூட்டிப் போனேன். பேரப்பிள்ளைகளுக்குத் துணி வாங்க வேண்டும் என்றார். வாங்கிக் கொடுத்துவிட்டு, காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, அப்புறம் சொல்லலாம். ரங்கநாதன் தெருவில் நாம் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே நடத்திக்கொண்டு போகும். ஒரு துணிக்கடை வாசலில் கல்லூரிப் பெண் ஒருத்தி எங்கள் முன்னால் வந்து நின்றாள். மாவைப் பார்த்து முகம் மலர்ந்து ஆங்கிலத்தில் சொன்னாள்: "நீங்கள்தானே அந்த நோட்டீஸில் இருக்கிறவர்? நாளைக்கு உங்கள் அடக்கப் பாட்டைக் கேட்க வருகிறேன். துப்பாக்கிக்கு எதிரே நீங்கள் எடுத்துக் கொடுத்த பாட்டு."

மா அவளுக்கு நன்றி சொன்னார். அவள் போகும்வரை சிரித்தபடியே நின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நோட்டீஸில் அதுதான் எழுதியிருக்கிறதா?"

"மா, நான் சொல்ல வந்தேன்..."

அவர் கையிலிருந்த துணிப்பையை என்னிடம் கொடுத்தார், திரும்பினார், கூட்டத்துக்குள் போய்விட்டார். நான் பின்னால் ஓடினேன். ஒரு தள்ளுவண்டி குறுக்கே வந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போவதற்குள் அந்தத் தலை காணாமல் போயிருந்தது.

அவருடைய போன் இந்த ஊரில் வேலை செய்யாது. கையில் கொஞ்சம் ரூபாய் இருந்தது, அவ்வளவுதான். மாம்பலம் ரயில் நிலையப் படிக்கட்டு, பேருந்து நிலையம், பனகல் பூங்காவின் ஒவ்வொரு பெஞ்சும் பார்த்தேன். ஒரு கடைக் காவலாளியிடம், "கறுப்பா, உயரமா ஒரு அம்மா..." என்று ஆரம்பித்தேன். "ஆப்பிரிக்காவா? அதுங்கள நம்பாதீங்க மேடம்" என்றார். அவரிடம் கத்தினேன். முதல் நாள் கத்தியிருக்க வேண்டிய கத்தல் அது. அவர் மிரண்டுபோனார். என் தொண்டையும் போனது. அமுதா ஒரு பக்கம் ஸ்கூட்டரில் தேடினாள். போலீஸ் ஸ்டேஷன் போகலாமா என்று கேட்டாள். போலீஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் அந்த ஊர்வலம் ஞாபகம் வந்தது, வேண்டாம் என்றேன். மூன்று மணி நேரம் ஆகிவிட்டது.

அப்போதுதான் ஸ்டெல்லா அக்கா போன் செய்தார். "எங்க சுத்திக்கினு கீற? உன் ஆளு இங்க நெத்திலி ஆஞ்சிக்கினு கீது."

எப்படி என்று பிற்பாடு தெரிந்தது. ஆட்டோக்காரரிடம் ஆங்கிலத்தில் 'சர்ச், ஸீ, ஸ்டெல்லா' என்று மூன்றே வார்த்தை சொல்லியிருக்கிறார். சர்ச் கோபுரம் தெரிந்ததும் இறங்கி, மீன் வாடையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாராம்.

நான் போய்ச் சேர்ந்தபோது இருவரும் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஆளுக்கொரு பலகை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டெல்லா அக்கா தமிழில் பேசிக்கொண்டிருந்தார், மா தன் தாய்மொழி ஜுலுவில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இருவருக்கும் அதில் ஒரு கஷ்டமும் இருந்த மாதிரித் தெரியவில்லை. நான் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அமுதாவுக்குக் கொடுத்த வாக்கு, லிண்டிவே பற்றி அவளுக்கு எழுதியது, நோட்டீஸ், விடுதிக்காரர், பஸ்ஸில் பேசியது. மா ஒரு நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டே கேட்டார்.

"பஸ்ஸில் என்ன பேசினார்கள் என்று எனக்கு அப்போதே தெரியும். முகத்தைப் பார்த்து நோயாளி சொல்லாததைக் கண்டுபிடிக்கிறதுதான் முப்பத்தைந்து வருஷம் என் வேலை. நீ பொய் சொன்னதும் தெரியும். என்னைக் காப்பாற்றுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன்." மீனைக் கீழே வைத்தார். "லிண்டிவே விஷயத்தில் நீ யாரைக் காப்பாற்றினாய்?"

 நாளைக்கு அமுதாவிடம் பாட்டு இல்லை என்று சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"பாட்டு உண்டு" என்றார். "நீ எடுத்துக் கொடு."

"எனக்கு அதற்கு உரிமை இல்லை, மா."

"வாக்குக் கொடுக்க மட்டும் உரிமை இருந்ததா?"

ஸ்டெல்லா அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா சொல்லுது?" என்றார். என்னைப் பாடச் சொல்கிறார் என்றேன். "பாடேன். இதுக்கு இன்னாத்துக்கு அழுவுற?" என்று சொல்லிவிட்டு நெத்திலியை அலசப் போனார்.

நான்காம் நாள் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆறு மணிக்கு அரங்கம் நிறைந்துவிட்டது. பின்சுவரை ஒட்டியும் ஆட்கள். ஸ்டெல்லா அக்கா தன் ஜெபக்கூட்டத்துப் பெண்கள் நாலைந்து பேரோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அரங்கத்துப் பெரியவர் கதவோரம் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டார், எழுந்து போக வசதியாக.

மா பேசினார், நான் தமிழில் சொன்னேன். இந்த முறை ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை. "எங்கள் ஊரில் கூட்டம் போடத் தடை. ஆனால் செத்தவரைப் புதைக்கத்தான் வேண்டும். அதனால் எங்கள் அரசியல் கூட்டம் எல்லாம் சாவு வீட்டில்தான் நடந்தது. பத்திரிகையில் வராத செய்தி பாட்டில் வரும். யாரைப் பிடித்தார்கள், யார் திரும்பவில்லை, எந்தக் கடையில் வாங்கக் கூடாது. காவலுக்கு நிற்கிற வெள்ளைக்காரனுக்கு எங்கள் பாஷை தெரியாது, ராகம் மட்டும் பிடிக்கும். தன்னைத் திட்டுகிற பாட்டுக்கே காலால் தாளம் போடுவான்." அரங்கம் சிரித்தது. மா சிரிக்கவில்லை. "பாட்டு குண்டை நிறுத்தும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிறுத்தாது. பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். ஆனால் அடுத்த சனிக்கிழமை அடக்கத்துக்கும் நாங்கள் தெருவுக்கு வந்தோம். அது பாட்டால்தான்."

முதலில் வேலைத்தலத்துப் பாட்டுகள், வேகமானவை, இருவரும் சேர்ந்தே பாடினோம். ஜெபக்கூட்டத்துப் பெண்கள் இரண்டாவது பாட்டிலேயே பின்பாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு மா எல்லோருக்கும் இரண்டு சொல் கற்றுக்கொடுத்தார். 'நாங்கள் சுமக்கிறோம்' என்று அர்த்தம். அடக்கப் பாட்டின் பின்பாட்டு அதுதான். முன்னால் நிற்கிறவர் செத்தவரின் பெயரைச் சொல்லி, இவரை யார் சுமப்பது என்று கேட்க வேண்டும்.

மா இரண்டு எட்டு பின்னால் போய் நின்றுகொண்டார். நான் முன்னால் தனியாக நின்றேன்.  எடுத்தேன். முந்தின நாள் கத்தியதில் குரல் கட்டியிருந்தது. பயத்தில் சுருதி தூக்கிக்கொண்டு போய்விட்டது, தெரிந்தும் இறக்க முடியவில்லை. லிண்டிவே என்று சொன்னேன். இவளை யார் சுமப்பது?

பின்னால் ஒரு நொடி ஒன்றும் வரவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நொடியை நான் பார்த்ததில்லை. பிறகு மாவின் குரல் வந்தது, அடியிலிருந்து. நாங்கள் சுமக்கிறோம். அதன்மேல் ஸ்டெல்லா அக்கா, அதன்மேல் அரங்கம். மூன்று முறை அந்தப் பெயரைச் சொன்னேன், மூன்று முறை பதில் வந்தது.

பாட்டு அங்கே நிற்க வேண்டும், அல்லது இன்னொரு பெயர் வேண்டும். எனக்கு வேறு பெயர் தெரியாது. நான் நிறுத்தப் போனபோது கதவுப் பக்கமிருந்து அமுதா சொன்னாள்.

"இளங்கோ."

எல்லோரும் திரும்பினார்கள். அவள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "எங்க அண்ணன். இளங்கோ" என்றாள்.

மா என் தோளைத் தொட்டு, யார் என்று கேட்டார். எனக்கே அப்போதுதான் தெரிகிறது. அமுதாவைப் பார்த்தேன். அவள் நேராக என்னிடம் சொன்னாள், நான் மாவிடம் சொன்னேன். "வேறு சாதிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டாராம். பெண்ணுடைய ஆட்கள் பஸ் ஸ்டாண்டில் வெட்டிவிட்டார்களாம். ஊரில் பிரச்சினை வரும் என்று அடக்கத்தை அவசர அவசரமாக முடித்துவிட்டார்களாம். பறை கூட அடிக்க விடவில்லையாம்."

 மா என் முழங்கையைப் பிடித்து என்னை ஓரமாக நகர்த்தினார். முன்னால் போனார். நாற்பது வருஷமாகப் பின்வரிசையில் நின்ற அந்தக் குரல் முன்னாலிருந்து எழுந்தபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "இலாங்கோ" என்றார், பெயர் அவர் வாயில் அப்படித்தான் வந்தது. இவரை யார் சுமப்பது?

நான் பின்பாட்டுப் பாடினேன். அரங்கம் பாடியது. அமுதா பாடவில்லை, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதாள். ஸ்டெல்லா அக்கா எழுந்து போய், பாடிக்கொண்டே அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். கதவோரத்துப் பெரியவர் எழுந்து நின்றார். போய்விடுவார் என்று பயந்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, மறுபடி உட்கார்ந்தார். தெருவுக்குச் சத்தம் போகக் கூடாது என்றா, உள்ளே யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்றா, தெரியவில்லை.

மறுநாள் விமான நிலையத்துக்குப் போகிற டாக்ஸி கிண்டியில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் பின்னாலும் ஒரே ஹாரன். நேரமாகிவிடுமோ என்று நான் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மா அதுவரை என்னிடம் தேவைக்குத்தான் பேசியிருந்தார்.

"நேற்று நீ சுருதி தப்பினாய்" என்றார் திடீரென்று.

"தெரியும், மா."

"அரைச் சுரம் மேலே."

"மன்னித்துக்கொள்ளுங்கள்."

"லிண்டிவேயும் அப்படித்தான் பாடுவாள்." டாக்ஸி கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றது. மா வெளியே பார்த்தபடியே பேசினார். "எப்போதும் அரைச் சுரம் மேலே. எனக்கு எரிச்சலாக வரும். அன்றைக்கு ஊர்வலத்தில் பாடிக்கொண்டிருக்கும்போதே அவள் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. நான் திரும்பி, 'வாயை மூடு, பாட்டைக் கெடுக்காதே' என்றேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். அப்புறம்தான் சுட்டார்கள்."

நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன். அவர் அதற்குள் இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டிருந்தார்.

"இதை நான் யாரிடமும் சொன்னதில்லை" என்றார். "இந்த முறை சொல்வதற்கு முன்னால் என்னைக் கேள்."